பிரதி இல்லாமல் தொடங்கும் ஒத்திகை

நம்மூரில் நாடக ஒத்திகை என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிரதி வரும். ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒரு வாசிப்பு, அப்புறம் வசனம் மனப்பாடம், அப்புறம் எந்த வசனத்துக்கு எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று இயக்குநர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வது, கடைசியில் ஒரு நாள் விளக்கு, உடை எல்லாம் சேர்த்து முழு ஓட்டம். பகலில் பேங்க்கிலோ ஐ.டி. கம்பெனியிலோ வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஏழரைக்கு யாராவது வீட்டு மொட்டை மாடியில் கூடுகிற குழுவுக்கு இதைவிட்டால் வேறு வழி தோன்றாது, அதில் தப்பும் கிடையாது. ஆனால் பிரதிதான் முதலில் என்ற இடத்தையே மாற்றிப்போட்டு பதினைந்து வருடம் நாடகம் போட்ட ஒரு குழு இங்கிலாந்தில் இருந்தது. ஜாயின்ட் ஸ்டாக் என்று பெயர். கூட்டு முயற்சி, பரிசோதனை ஒத்திகை, பட்டறை நாடகம் என்றெல்லாம் இன்று பேசுகிறவர்கள் அந்தக் குழு என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பாதிதான் நம் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

1974இல் நாடக ஆசிரியர் டேவிட் ஹேர், இயக்குநர் மேக்ஸ் ஸ்டாஃபோர்ட்-கிளார்க், தயாரிப்பாளர் டேவிட் ஆகின் மூவரும் சேர்ந்து தொடங்கினார்கள். லண்டன் ராயல் கோர்ட் அரங்கை அதற்கு முன் சில வருடம் நடத்திய வில்லியம் காஸ்கில் சீக்கிரமே வந்து சேர்ந்துகொண்டார். சொந்த அரங்கம் இல்லை, ஊர் ஊராகப் போகிற குழு. வேலை முறை இதுதான். ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு எழுத்தாளர், இயக்குநர், நடிகர்கள் எல்லாரும் மூன்று வாரம் போலப் பட்டறையில் இருப்பார்கள். கையில் ஒரு வரி வசனம்கூட இருக்காது. படிப்பார்கள், வெளியே போய் ஆட்களைச் சந்திப்பார்கள், சந்தித்த ஆளை வந்து நடித்துக் காட்டுவார்கள், விளையாட்டு, விவாதம், சண்டை எல்லாம் நடக்கும். அதோடு கலைந்துவிடுவார்கள். எழுத்தாளர் மட்டும் வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து பல வாரம் எழுதுவார். எழுதிய பிரதி வந்த பிறகு ஐந்தாறு வாரம், கிட்டத்தட்ட நாம் செய்கிற மாதிரியே, ஒத்திகை.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முதல் மூன்று வாரத்தைத்தான் ஆசை ஆசையாக எழுதுகிறார்கள். எனக்கு நடுவில் இருக்கிற அந்த இடைவெளிதான் முக்கியமாகப் படுகிறது. எல்லாரும் சேர்ந்து தேடினார்கள், ஒருவர் எழுதினார். இந்த இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை, அதனால்தான் அவர்கள் போட்ட நாடகங்களில் சில இன்றும் மேடையேறுகின்றன என்பது என் கட்சி.

சரி, இது வானத்திலிருந்து குதித்த யோசனை கிடையாது. 1898இல் செகாவின் சீகல் நாடகத்துக்கு எந்த நடிகர் எந்த வசனத்தில் என்ன செய்ய வேண்டும் என்று முழு வரைபடமும் முன்கூட்டியே எழுதி அனுப்பிய அதே ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, 1930களின் கடைசியில், சாவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காட்சியில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு சொந்த வார்த்தையில் நடித்துப் பாருங்கள், வசனம் பிறகு வரட்டும் என்று சொல்லும் இடத்துக்கு வந்திருந்தார். லண்டனின் கிழக்குப் பகுதியில் இயக்குநர் ஜோன் லிட்டில்வுட் 1956இல் பிரெண்டன் பெஹானின் சிறைச்சாலை நாடகத்தை எடுத்தபோது, நடிகர்களிடம் பிரதியைக் கொடுக்காமல் அரங்கத்தின் தட்டையான கூரைமேல் ஏற்றி வட்டம் வட்டமாக நடக்கவிட்டார். கைதிகள் காற்று வாங்கப் போகும் நேரம் அது. அறையைப் பெருக்குவது, காவலரை ஏமாற்றி ஒரு புகை பிடிப்பது, திரும்ப நடப்பது. சலிப்பு என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் பிரதி கைக்கு வந்தது, யாருக்கு என்ன பாத்திரம் என்பதும் அப்போதுதான். ஆனால் இந்த இரண்டு இடத்திலும் பிரதி என்று ஒன்று முன்னாடியே இருந்தது, நடிகர்களிடம் மறைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஜாயின்ட் ஸ்டாக்கில் மறைத்து வைக்கவே ஒன்றும் கிடையாது.

குழுவின் குணத்தை மாற்றியது 1975இல் போட்ட ஃபான்ஷென். சீனாவில் லாங் போ என்ற கிராமத்தில் நிலச் சீர்திருத்தம் எப்படி நடந்தது என்று வில்லியம் ஹின்டன் எழுதிய பெருத்த புத்தகத்திலிருந்து டேவிட் ஹேர் உருவாக்கியது. கிராமத்து ஜனங்கள் கூட்டம் போட்டு யாரிடம் எவ்வளவு நிலம், யார் பணக்காரர், யார் ஏழை, கட்சிக்காரர் செய்தது சரியா தப்பா என்று முகத்துக்கு நேரே பேசித் தீர்க்கிற கதை. அதை ஒத்திகை பார்க்கிறவர்கள் மட்டும் இயக்குநர் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டு இருக்க முடியுமா? காஸ்கிலும் ஸ்டாஃபோர்ட்-கிளார்க்கும் சேர்ந்து இயக்கினார்கள், ஒவ்வொரு காட்சிக்கும் இதன் அரசியல் என்ன, இதில் யாருக்கு என்ன லாபம் என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள், கதையில் வருகிற மாதிரியே சுயவிமர்சனக் கூட்டங்களும் நடந்தன. ஒன்பது நடிகர்கள், முப்பது பாத்திரம் போல. அது முடிந்த கையோடு குழுவே கூட்டுப் பொறுப்பில் நடக்கிற அமைப்பாக மாறிவிட்டது. அடுத்து என்ன நாடகம், யார் எழுதுவது என்பதெல்லாம் கூட்டத்தில் பேசித்தான். கூட்டம் என்றால் நமக்குத் தெரியாதா, அலுப்பும் கூடவே வரும், அங்கேயும் வந்தது.

இந்தக் குழுவுக்குள் 1976இல் கேரில் சர்ச்சில் வந்தார். அதுவரை பெரும்பாலும் வீட்டில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே வானொலி நாடகங்களைத் தனியாக எழுதிவந்தவர். எடுத்துக்கொண்ட விஷயம் 1640களின் இங்கிலாந்து உள்நாட்டுப் போர், ராஜாவின் தலையை வெட்டினால் ஏசு வந்து ஆளுவார், நிலம் எல்லாருக்கும் பொது என்று நம்பிய சாதாரண ஜனங்கள். நடிகர்கள் பைபிளோடு உட்கார்ந்தார்கள், அந்தக் காலத்துத் துண்டுப் பிரசுரங்களைப் படித்தார்கள், தங்கள் வாழ்க்கையில் எதையாவது அப்படி முழுசாக நம்பியது உண்டா என்று பேசினார்கள். அதிலிருந்து வந்த நாடகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரே பாத்திரத்தை ஒரே நடிகர் கடைசிவரை செய்வதில்லை. ஒரு காட்சியில் ஒருவர், அடுத்த காட்சியில் அதே பாத்திரமாக வேறொருவர். புரட்சி மாதிரியான பெரிய சம்பவத்தில் பலருக்கும் ஒரே அனுபவம்தான் கிடைக்கிறது, அதற்கு இதுவே பொருத்தம் என்று சர்ச்சில் காரணம் சொன்னார். பட்டறையில் எல்லாரும் எல்லாமாகவும் நடித்துப் பார்ப்பார்கள், யாருக்கும் எந்தப் பாத்திரமும் சொந்தம் கிடையாது. அந்தச் சுதந்திரம் அப்படியே நாடகத்தின் வடிவமாக ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றும். தனியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்த வடிவம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஸ்டாஃபோர்ட்-கிளார்க்கின் பட்டறையில் சீட்டுக்கட்டுக்கு ஒரு பெரிய இடம் இருந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும், மற்றவர்களுக்குக் காட்டக்கூடாது. எண் கூடக் கூட அந்த ஆளுக்கு அதிகாரம் ஜாஸ்தி. பத்தை எடுத்தவர் அறைக்குள் எப்படி நுழைவார், இரண்டை எடுத்தவர் எந்த நாற்காலியில் உட்காருவார், அல்லது உட்காரவே மாட்டாரா? பார்க்கிறவர்கள் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. "இவர் அதிகாரமுள்ளவர்" என்று சொல்லிவிட்டால் நடிகர் உடனே மார்பை நிமிர்த்திக்கொண்டு குரலை உயர்த்துவார். ஏழுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் காட்டு என்றால் அந்த வித்தை செல்லுபடியாகாது, யோசித்தாக வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்துவிட்டால் அது இன்னும் வேடிக்கை, இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டே ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுவார்கள். நம் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் யார் உட்காருவது என்று நடக்கிற நாடகம் முழுக்க இதற்குள் அடங்கும்.

இப்போது க்ளவுட் நைன் நாடகத்துக்கு வருகிறேன், என் கட்சிக்கு முக்கிய சாட்சி அதுதான். 1978இல் ஆண் பெண் உறவு, பாலியல், அதற்குள் இருக்கும் அதிகாரம் என்பதை எடுத்துக்கொண்டு பட்டறை தொடங்கியது. நடிகர்களைத் தேர்ந்தெடுத்ததே நடிப்புத் திறமையோடு வாழ்க்கை அனுபவத்தையும் பார்த்துத்தான்: கல்யாணம் ஆனவர்கள், ஒரே பாலினத்தாரை விரும்புகிறவர்கள் என்று பலவிதம். ஹாரி பாட்டர் படங்களில் செடிகொடி வாத்தியாராக வருகிற மிரியம் மார்கோலிஸ் அந்தக் குழுவில் இருந்தார். பிற்காலத்தில் ஷேக்ஸ்பியர் நடிகராகப் பெரிய பெயர் வாங்கிய ஆன்டனி ஷெரும் இருந்தார். ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொன்னார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். பட்டறை நடந்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணியும் ஒரு நாள் தன் வாழ்க்கையைப் பேசினார், நாடகத்தின் தலைப்பே அவர் வாயிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

மூன்று வாரம் இப்படிப் பேசிவிட்டுப் போன எழுத்தாளர் என்ன எழுதிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்ப்போம்? 1970களின் லண்டனில் ஆறேழு ஜோடிகளின் கதை, ஆளாளுக்கு ஒரு தனிமொழி. வந்ததோ வேறு. முதல் பாதி விக்டோரியா ராணி காலத்து ஆப்பிரிக்காவில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் நடக்கிறது. இரண்டாவது பாதி 1979இல் லண்டனில். இடையில் நூறு வருடம் போய்விட்டது, ஆனால் பாத்திரங்களுக்கு இருபத்தைந்து வயதுதான் கூடியிருக்கிறது. அதிகாரியின் மனைவி பெட்டியாக முதல் பாதியில் ஓர் ஆண் நடிக்கிறார், மகனாக ஒரு பெண், கைக்குழந்தை ஒரு பொம்மை. கறுப்பின வேலைக்காரன் ஜோஷுவாவாக ஒரு வெள்ளைக்காரர்.

இது எங்கிருந்து வந்தது? சர்ச்சிலே எழுதியிருக்கிறார். காலனியாதிக்கமும் பாலியல் ஒடுக்குமுறையும் ஒன்றுக்கொன்று சாயல் உள்ளவை என்ற பேச்சு பட்டறையில் லேசாக வந்து போயிருந்தது, எழுத உட்கார்ந்தபோது அதற்குத் திரும்பினார். சின்ன வயதில் கல்யாணம், உடம்பு பற்றியெல்லாம் வீட்டில் என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று பேசியபோது, எல்லாருக்கும் கிட்டத்தட்ட விக்டோரியா காலத்து வளர்ப்புதான் என்று தெரிந்தது, நூறு வருடம் இருபத்தைந்தாகச் சுருங்கியது அதனால். ஜோஷுவா விஷயம் இன்னும் சுவாரசியம். குழுவில் கறுப்பின நடிகர் யாரும் இல்லை. அந்தக் குறையையே பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரன் எப்படி இருக்கச் சொல்கிறானோ அப்படியே ஆக நினைப்பவன் என்று அந்தப் பாத்திரத்தை அவர் எழுதினார். குறையை மறைத்துவிட்டார் என்றும் சொல்லலாம், குறையை அர்த்தமாக்கிவிட்டார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

கவனிக்க வேண்டியது அந்த "லேசாக வந்து போனது". பட்டறை முடிந்த அன்றே கைதூக்கி ஓட்டெடுத்திருந்தால் ஆப்பிரிக்கா என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்தக் குழுவும் சேர்ந்து முடிவெடுக்கும்போது எல்லாருக்கும் நன்றாக நினைவிருப்பதைத்தான் எடுக்கும், அதாவது அன்றைக்குக் கைதட்டு வாங்கிய காட்சியை, கண்ணீர் வரவழைத்த தனிமொழியை. ஓரத்தில் யாரோ போகிறபோக்கில் சொன்னதைப் பல வாரம் கழித்து ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளால்தான் எடுக்க முடியும். நடிகர்கள் தந்த விஷயத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. சில சமயம் மூன்று வாரச் சரக்கில் ஒரு துளிகூட நேரடியாகப் பிரதியில் வராமல் போகலாம், உழைத்த நடிகருக்கு அது கசக்கத்தான் செய்யும்.

எதிர்ப் பக்கத்தில் மைக் லீ என்ற ஆங்கிலேய இயக்குநர். அவரிடம் இந்த இடைவெளியே கிடையாது. ஒவ்வொரு நடிகரும் தனக்குத் தெரிந்த நிஜ ஆட்களைப் பற்றி லீயிடம் தனியாகப் பேச வேண்டும், அதிலிருந்து ஒருவரை எடுத்து அவரைச் சுற்றிப் பாத்திரத்தைக் கட்டுவார்கள், மற்ற நடிகர் என்ன பாத்திரம் என்பது தெரியாது, கதையில் இருவரும் சந்திக்கும்போதுதான் ஒத்திகையிலும் சந்திப்பார்கள். மணிக்கணக்காக நடித்து நடித்து, அதிலிருந்து வெட்டிச் செதுக்கி வசனம் நிலைப்படும். 1977இல் ஹாம்ஸ்டட் அரங்கில் வந்த அபிகெய்ல்ஸ் பார்ட்டி அப்படி உருவானது, அலிசன் ஸ்டெட்மன் கட்டிய பெவர்லி என்ற பெண்ணை இங்கிலாந்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. பேச்சு வழக்கின் நுணுக்கத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் நூறு வருடம் தாண்டுவது, ஆணைப் பெண்ணாக்குவது மாதிரியான பாய்ச்சல் இந்த வழியில் வருவது கஷ்டம், ஏனென்றால் ஒவ்வொரு நடிகரும் தன் பாத்திரத்துக்குள் நின்று அதன் நியாயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே நின்று பார்க்க லீ ஒருவர்தான், அவரும் அதே அறைக்குள்.

ஜாயின்ட் ஸ்டாக்கிலும் எல்லாப் பட்டறையும் பலித்துவிடவில்லை. 1976இலேயே ஒரு பட்டறை எடுத்துக்கொண்ட விஷயம் நகராமல் முட்டிக்கொண்டு நின்றது. அப்போது பத்திரிகைகளில் அங்கோலாவுக்குக் கூலிப்படையாகப் போன பிரிட்டிஷ்காரர்கள் பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, போய்வந்தவர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் சொன்ன சொல்லையே வசனமாக வைத்து ஒரு நாடகம் போட்டார்கள். இன்று நேர்காணல் நாடகம் என்று தனி வகையாகவே வளர்ந்திருப்பதற்கு இது ஒரு முன்னோடி. 1983இல் வந்த ஃபென் நாடகத்துக்கு, இயக்குநர் லெஸ் வாட்டர்ஸும் சர்ச்சிலும் நடிகர்களும் கிழக்கு இங்கிலாந்தின் வயல்காட்டில் அப்வெல் என்ற கிராமத்தில் போய்த் தங்கினார்கள். உருளைக்கிழங்கு பொறுக்குகிற, வெங்காயம் தரம் பிரிக்கிற பெண்களிடம் பேசிவிட்டு வந்து, குறிப்பேட்டைப் பார்த்து ஒப்பிக்காமல் அந்தப் பெண்ணாகவே உட்கார்ந்து மற்றவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். கேள்வி குடையக் குடைய, எதை நன்றாகக் கவனித்தோம், எதைக் கவனிக்கவே இல்லை என்பது நடிகருக்கே வெளிச்சமாகிவிடும். அப்படி அரைகுறையாகப் பார்த்திருந்தால் மறுநாள் திரும்பப் போக வேண்டியதுதான். ஐந்து பெண்கள், ஒரு ஆண், இருபதுக்கு மேல் பாத்திரங்கள்.

மூன்றாவது கட்டம், அதாவது பிரதி வந்த பிறகான ஒத்திகை, ரொம்பக் கறாரானது. ஸ்டாஃபோர்ட்-கிளார்க் நடிகர்களை மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வினைச்சொல் சொல்ல வைப்பார். எதிரில் இருப்பவரை இந்த வசனத்தால் நான் என்ன செய்கிறேன்? "சாப்பிட்டியா?" என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாமியார் மருமகளைச் சமாதானப்படுத்துகிறாரா, குத்துகிறாரா, வேவு பார்க்கிறாரா? "கோபமாகச் சொல்கிறார்" என்று சொன்னால் செல்லாது, அது உணர்ச்சி, செயல் கிடையாது. இதைப் பல நாள் செய்வார்கள். சில நடிகர்களுக்கு இது பல் பிடுங்குகிற வேதனை, சிலர் இது இல்லாமல் நடிக்கவே மாட்டேன் என்பார்கள்.

அதிகாரம் பற்றியும் பேசியாக வேண்டும். கூட்டு ஒத்திகை என்றதும் எல்லாரும் சமம் என்று நினைத்துவிடுகிறோம். தன் முதல் உறவு, தன் அவமானம் எல்லாவற்றையும் அறையில் கொட்டுபவர் நடிகர், என்ன பயிற்சி, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்பவர் இயக்குநர். கொட்டியதற்கு நடிகருக்குக் கிடைப்பது பிரதியின் முதல் பக்கத்தில் ஒரு பெயர், உரிமை எழுத்தாளருக்கு. ஓட்டெடுப்பு முறை இருந்தாலும் இந்த ஏற்றத்தாழ்வு போகாது. ஸ்டாஃபோர்ட்-கிளார்க் 1993இல் தொடங்கிய அவுட் ஆஃப் ஜாயின்ட் குழுவிலிருந்து 2017இல், பெண்களிடம் தகாத முறையில் பேசியதாக வந்த புகார்களை அடுத்து, விலக நேர்ந்தது. அவருடைய ஒத்திகை முறை அதனால் பொய்யாகிவிடாது. ஆனால் தனிப்பட்ட விஷயங்களைப் பேசச் சொல்லும் பட்டறைக்கு முதல் நாளே எல்லைகளைப் பேசி வைத்துக்கொள்வது அவசியம், சொல்லாமல் இருக்கும் உரிமையும் அதில் சேர்த்தி.

கடைசியில் குழுவை முடித்தது பணம்தான். ஒரு வரி பிரதி இல்லாமல் நடிகர்களுக்கு மூன்று வாரச் சம்பளம் கொடுக்க எந்த வணிக நாடகத் தயாரிப்பாளரும் வரமாட்டார். ஆர்ட்ஸ் கவுன்சில் என்ற அரசு சார்ந்த அமைப்பின் மானியத்தில்தான் அது நடந்தது, தாட்சர் காலத்தில் மானியம் இறுகியது, 1989இல் குழு மூடப்பட்டது.

நம் பக்கம் இதற்கு நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் காலம் ஒன்றுதான். 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. ராமானுஜம் ஒருங்கிணைத்த நாடகப் பயிற்சி, அதே வருடம் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1980இல் சென்னையை ஒட்டிய சோழமண்டலத்தில் வங்காளத்தின் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை என்று தமிழ் நவீன நாடகமும் அப்போதுதான் பட்டறைக்குள் போனது. சர்க்காரின் பட்டறையிலிருந்து நம் வீதி நாடகக் குழுக்கள் எடுத்துக்கொண்டது உடம்பை, வட்டத்தை, மேடை தேவையில்லை என்ற தைரியத்தை. அவர் அடிப்படையில் நாடக ஆசிரியர், குழு சேகரித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தவர் என்பது மட்டும் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. பட்டறையில் பிறந்த தமிழ் நாடகங்களில் நான் பார்த்தவற்றில் நிறைய, மூன்றாம் நாள் எல்லாரும் சேர்ந்து கத்திய கோஷத்தோடு நின்றுவிடுகின்றன. பட்டறை முடிந்த சூட்டிலேயே மேடையேற்றிவிடுகிறோம்.

இத்தனைக்கும் அவர்கள் முறையில் செலவு வைக்கிறது முதல் மூன்று வாரம்தான். அதை நம் குழுக்கள் சனி ஞாயிறுகளில் சம்பளம் இல்லாமலே செய்துகொண்டிருக்கின்றன. நடுவில் உள்ள எழுத்து வாரங்களுக்கு ஹால் வாடகை கிடையாது, டீச் செலவு கிடையாது, மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கலாம். குழுவில் எழுதுகிற ஒருவரைப் பட்டறை முழுக்க நடிக்கச் சொல்லாமல் ஒரு நோட்டோடு உட்கார விட்டு, முடிந்ததும் இரண்டு மாதம் அவரை யாரும் போன் பண்ணித் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். அரங்கத் தேதியை மட்டும் முன்கூட்டி பதிவு செய்துவிடக் கூடாது.